வெள்ளவத்தை பிளாட்டில் புதுக் குசினி: பில்ட்-இன் ஓவன், டிஷ்வொஷர், பிரிட்ஜ் போடுவதென்றால் எதை முதலில் முடிவு செய்வது?

மாடி5_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் கடல் பக்கமாக ஒரு பழைய பிளாட், ஐந்தாம் மாடி. எங்களுக்கு மேலே இன்னும் ஒரு மாடி, அதற்கு மேல் தண்ணீர்த் தொட்டி. குசினியை உடைத்துப் புதிதாகச் செய்கிறோம். பழைய கொங்கிறீட் ஸ்லாப், அதைத் தாங்கிய செங்கல் சுவர் எல்லாம் போய்விட்டன. இப்போது வெறும் நான்கு சுவர்தான்.

ஓவன், அடுப்பு, டிஷ்வொஷர், பிரிட்ஜ் நான்கையும் பில்ட்-இன் ஆகப் போட ஆசை. டிஷ்வொஷருக்கும் பிரிட்ஜுக்கும் முன்னால் கபட் கதவு வந்து, பார்த்தால் எல்லாம் ஒரே பலகை வரிசையாகத் தெரிய வேண்டும்.

பான்ட்ரி கபட் செய்பவர்கள் முற்பணம் கேட்கிறார்கள். என்ன மொடல் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை என்றால், “பரவாயில்லை மிஸ், எல்லாவற்றுக்கும் இரண்டடி விட்டு அடிக்கிறோம், பிறகு வாங்கிப் போடுங்கள்” என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா?

இன்னும் இரண்டு சிக்கல். டொரொன்டோவில் இருக்கும் அண்ணா வீடு மாறுகிறார். அங்குள்ள நல்ல டிஷ்வொஷரையும் ஓவனையும் கொண்டெய்னரில் போட்டு அனுப்பட்டுமா என்று கேட்கிறார். மாமி காஸ் அடுப்பு இல்லாவிட்டால் குசினிக்குள் கால் வைக்க மாட்டேன் என்கிறார். எனக்கோ இன்டக்ஷன் வேண்டும். மீற்றர் சிங்கிள் பேஸ், 30 ஆம்ப்.

---

மொரட்டுவைப்_பலகை

தங்கச்சி, “இரண்டடி விட்டு அடிக்கிறோம்” என்று சொல்பவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். நானும் இதே தொழில்தான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் பாஸ்மார், அதாவது தச்சு வேலைக்காரர், அங்குலத்தில் அளப்பார்கள். பில்ட்-இன் சாமான் வருவது மில்லிமீற்றரில். இரண்டடி என்றால் 609.6 மி.மீ. ஐரோப்பிய அளவு 600. பத்து மில்லிமீற்றர் பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். ஓவனை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி அகலம் 600, இரண்டு பக்கமும் 18 மி.மீ. பலகை என்றால் உள்ளே 564 வரும். ஓவனுக்குக் கேட்கும் கூடு 560 முதல் 568 வரை. கச்சிதமாக உட்காரும். இரண்டடிப் பெட்டி என்றால் உள்ளே 573 ஆகிவிடும். ஓவனின் முன் சட்டம் ஏறத்தாழ 595 அகலம் என்பதால் இடைவெளி வெளியே தெரியாது. ஆனால் பக்கத்து ஸ்க்ரூ பிடிக்கப் பலகை எட்டாது. அப்புறம் பாஸ் ஒரு ரீப்பரை, மெல்லிய மரச் சட்டத்தை, வைத்து அடைப்பார். சூடு பட்டுப் பட்டு அது கழன்று, கதவைத் திறக்கும்போதெல்லாம் ஓவனே முன்னால் வரும்.

டிஷ்வொஷருக்கு அகலத்தைவிட உயரம்தான் தொல்லை. பெரும்பாலானவற்றுக்கு மேசைப் பலகைக்குக் கீழே குறைந்தது 815, 820 மி.மீ. வேண்டும். காலைத் திருகி உயர்த்தலாமே தவிர, அதற்குக் கீழே இறக்க முடியாது. மேசை 34 அங்குல உயரம் என்றால் 863 மி.மீ. அதில் கிரனைட் 20, அதன் கீழே பிளைவூட் 18 போனால் மிச்சம் 825. உள்ளே போகும். “மாமி குள்ளம், 33 அங்குலம் போதும்” என்று பாஸ் சொன்னால் 800தான் மிஞ்சும், மெஷின் வெளியேதான் நிற்கும். இதையெல்லாம் முடிக்கப்பட்ட தரையில் இருந்து அளக்க வேண்டும். நீங்கள் பழைய டைல்ஸுக்கு மேலேயே புது டைல்ஸ் ஒட்டுகிறீர்களா? அப்படியென்றால் பசையும் டைல்ஸுமாகத் தரை ஒன்றரை சென்ரிமீற்றர் வரை ஏறும். அந்தக் கணக்கை யாரும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் மொடல்களைத் தெரிவு செய்யுங்கள். வாங்கக்கூடத் தேவையில்லை. ஒவ்வொன்றுக்கும் பொருத்தும் வரைபடம் இருக்கும், அதை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பிறகு பலகைக்காரரோடு கதையுங்கள். வரைபடத்தைப் பார்த்ததும் முகத்தைச் சுளிப்பவரை விட்டு வேறு ஆளைப் பிடியுங்கள்.

---

ஸ்காபரோ_அக்கா

கனடாவில் இருந்து ஒன்றும் அனுப்ப வேண்டாம் என்று அண்ணாவிடம் சொல்லுங்கள். கொண்டெய்னர் காசுதான் நட்டம்.

இங்கே கரண்ட் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். அங்கே 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். டிரான்ஸ்போமர் வைத்தால் வோல்ட் குறையும், ஹேர்ட்ஸ் மாறாது. டிஷ்வொஷர் பம்ப் மோட்டர்களில் பல அந்த 60ஐ நம்பித்தான் ஓடுகின்றன. ஓவனுக்கு இங்கே 240 வருகிறதே என்பார்கள். அது இரண்டு 120 லைன் சேர்ந்த 240, உள்ளே இருக்கும் சில பாகங்கள் ஒரு பாதியில் மட்டும் வேலை செய்யும். உங்கள் வயரிங்கில் அந்தப் பாதி கிடையாது. அதைவிட, இங்கே சுவர் ஓவன் 27 அங்குலம், 30 அங்குலம் அகலம். உங்கள் 60 சென்ரிமீற்றர் கபட்டுக்குள் எப்படிப் போகும்?

---

மாடி5_வெள்ளவத்தை

நன்றி அக்கா, அண்ணாவுக்கு இதை அப்படியே அனுப்பிவிட்டேன். லண்டனில் சித்தி இருக்கிறார், அங்கிருந்து என்றால்?

---

பழைய_சோனகத்தெரு

லண்டன் சாமான் கரண்டுக்குப் பிரச்சினை இல்லை. அங்கேயும் 230, 50தான். பிளக்கும் அதே மூன்று சதுரக்கால் 13 ஆம்ப், இலங்கையிலும் இப்போது அதுதான் தரநிலை. உங்கள் பழைய பிளாட்டில் உருண்டைக்கால் 5 ஆம்ப், 15 ஆம்ப் பொயின்ட்தான் இருக்கும், எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

பார்க்க வேண்டியது வேறு. காஸ் அடுப்பென்றால் அங்கே குழாயில் வரும் இயற்கை வாயுவுக்கு நொசில் பூட்டியிருப்பார்கள். அந்த ஓட்டை பெரிது. நம் சிலிண்டர் காஸைக் கொடுத்தால் மஞ்சள் நெருப்பு எழும்பி, சட்டியெல்லாம் கரி பிடிக்கும். சிலிண்டர் காஸுக்கான சின்ன நொசில் பெட்டிக்குள் ஒரு பையில் வருகிறதா என்று சித்தியைப் பார்க்கச் சொல்லுங்கள். பூட்டத் தெரிந்தவர்தான் பூட்ட வேண்டும்.

வொரண்டியும் இங்கே செல்லாது. கடைக்காரன் சொந்த வியாபாரத்துக்குச் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள், ஓவன், அடுப்பு நான் விற்பதில்லை. ஸ்க்ரூ, பிணைச்சல், ட்ரோயர் சட்டம்தான் என் வியாபாரம். ஓவன் பழுதானால் ஹீற்றர் கொயில் எங்காவது தேடிப் போடலாம். டிஷ்வொஷரின் கொன்ட்ரோல் போர்ட் போனால் இங்கே ஏஜென்ட் இல்லாத மொடலுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கதவு கபட்டோடு சேர்ந்தது, சும்மா தூக்கிப் போட்டுவிட்டு வேறு மொடல் வைக்கவும் மனம் வராது.

---

கரண்ட்_கந்தர்

பிள்ளை, நான் வயரிங் வேலை செய்து ஓய்வு பெற்றவன். உங்கள் 30 ஆம்ப் மீற்றரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

30 ஆம்பை 230 வோல்டால் பெருக்குங்கள். 6.9 கிலோவொட். வீடு முழுவதற்கும் அவ்வளவுதான். நான்கு வளையம் கொண்ட இன்டக்ஷன் அடுப்பைத் திருப்பி அடியில் உள்ள விவரத் தகட்டைப் பாருங்கள், 7.2 அல்லது 7.4 கிலோவொட் என்று போட்டிருக்கும். அதாவது அடுப்பை முழுச் சூட்டில் வைத்தால் மட்டுமே மீற்றர் நிரம்பிவிடும். ஓவன் 2.5 முதல் 3.6 வரை. கேத்தல் 2. குளியலறை வோட்டர் ஹீற்றர் 3க்கு மேலே. ஒரு ஏ.சி. ஒன்றுக்குக் கிட்ட. தைப்பொங்கல் காலையில் எல்லாம் ஒன்றாக ஓடும்போது என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இதற்கு வழி மூன்று.

மூன்று பேஸ் எடுப்பது முதலாவது. பேஸுக்கு 30 ஆம்ப், அதாவது மூன்று மடங்கு. மின்சாரம் வழங்குபவர்களிடம் விண்ணப்பித்துக் காசு கட்ட வேண்டும். பிளாட் என்பதால் கீழே உள்ள மீற்றர் அறையில் இருந்து உங்கள் வீடு வரை புது வயர் இழுக்க நிர்வாகக் குழு சம்மதிக்க வேண்டும். ஐந்து மாடிக்குக் குழாய்க்குள் இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல பழைய கட்டடங்களில் இடம் இல்லை.

பல இன்டக்ஷன் அடுப்புகளில் மொத்த வலுவை அமைப்பிலேயே குறைத்து வைக்கும் வசதி உண்டு. 3.5 அல்லது 4.5 என்று வைத்துவிட்டால் நான்கு சட்டி வைத்தாலும் அதைத் தாண்டாது. சமையல் கொஞ்சம் மெதுவாகும்.

மூன்றாவதுதான் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. 30 சென்ரிமீற்றர் அகலத்தில் டொமினோ அடுப்பு என்று வரும். ஒரு பக்கம் இரண்டு பர்னர் காஸ், பக்கத்திலேயே இரண்டு வளைய இன்டக்ஷன். அந்த இன்டக்ஷன் 3.5 அளவில்தான் இருக்கும், 16 ஆம்புக்குள் அடங்கிவிடும். மாமிக்கு அவர் நெருப்பு, உங்களுக்கு உங்கள் இன்டக்ஷன் கண்ணாடி. 2021 கடைசியில் சிலிண்டர் வெடித்த செய்திகள் வந்தபோது காஸைப் பார்த்துப் பயந்தோம். 2022 மார்ச்சில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், அப்போது இன்டக்ஷன்காரர் முழித்தார்கள். அதே வருடம் காஸுக்கு வரிசையில் நின்றபோது காஸ்காரர் முழித்தார்கள். கொழும்பில் இருந்துகொண்டு ஒன்றை மட்டும் நம்பிக் குசினி கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எதைப் போட்டாலும் ஓவனுக்குத் தனி லைன், அடுப்புக்குத் தனி லைன், டிஷ்வொஷருக்குத் தனி லைன். முழு இன்டக்ஷன் என்றால் 6 சதுர மி.மீ. வயர். 13 ஆம்ப் பிளக்கின் எல்லை 3 கிலோவொட்தான். அதற்கு மேற்பட்ட ஓவனைப் பிளக்கில் சொருகக் கூடாது, ஸ்விட்ச் வைத்து நேரே இணைக்க வேண்டும். கரண்ட் கசிந்தால் தானே நிறுத்தும் 30 மில்லி ஆம்ப் ட்ரிப் ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று அதன் பட்டனை அழுத்திப் பாருங்கள். பழைய பிளாட்டுகளில் எர்த் வயர் பெயருக்குத்தான் இருக்கும். தண்ணீரும் கரண்டும் சேர்ந்த மெஷினை எர்த் இல்லாமல் பூட்டவே கூடாது.

---

கொட்டாஞ்சேனை_குட்டி

கந்தர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரிட்ஜை ஏன் கபட்டுக்குள் ஒளிக்க வேண்டும்? மீன் வாங்கி வைக்கிற பெட்டிதானே, கலியாணத்துக்கு எடுத்த நகையா அது?

கணக்கைப் பாருங்கள். 178 சென்ரிமீற்றர் உயர பில்ட்-இன் பிரிட்ஜ் 260, 280 லீற்றர் அளவில் வரும். அதே உயரத்தில் சாதாரணமாக நிற்கும் பிரிட்ஜ் அதைவிட நன்றாகப் பெரிது, விலையும் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மீன், பாதித் தேங்காய், அரைத்த மாவு, சித்தி கொண்டுவந்த சொக்லேட் எல்லாம் எங்கே வைப்பது?

---

தெஹிவளை_சமையல்

குட்டி, அழகும் வேண்டும்தானே. எங்கள் வீட்டில் பில்ட்-இன் பிரிட்ஜ்தான், குசினியும் சாப்பாட்டு அறையும் ஒன்றாக இருப்பதால் வைத்தோம். வருகிறவர்கள் பிரிட்ஜ் எங்கே என்று தேடுவார்கள். சத்தமும் குறைவு. சின்னக் குடும்பத்துக்கு இடம் காணும்.

---

மொரட்டுவைப்_பலகை

சமையல் அக்கா சொல்வதும் சரி, குட்டி சொல்வதும் சரி. வைப்பதென்றால் ஒழுங்காக வைக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

பிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூடு கபட்டுக்குள் அடைபட்டால் கொம்பிரசர் நிற்காமல் ஓடும். கபட்டின் அடியில் தரையோடு வரும் ஸ்கர்ட்டிங் பலகையில் காற்று உள்ளே வரவும், மேலே அது வெளியேறவும் வழி வேண்டும். இரண்டு இடத்திலும் குறைந்தது 200 சதுர சென்ரிமீற்றர். 50க்கு 4 சென்ரிமீற்றர் ஒரு நீட்டு ஓட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நான்கைந்து சென்ரிமீற்றர் இடைவெளி, கீழிருந்து மேல் வரை தடை இல்லாமல். நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? கரப்பான் வரும் என்று ஸ்கர்ட்டிங்கை அடைக்கிறார்கள், தூசி வரும் என்று கபட்டைச் சீலிங் வரை மூடுகிறார்கள், பின்பலகையும் அடிக்கிறார்கள். போன வருடம் ஒரு வீட்டில் நான் ஸ்கர்ட்டிங்கைக் கழற்றியதும் உள்ளே இருந்து வந்த காற்று கைக்குச் சுட்டது. அங்கே பிரிட்ஜ் கெட்டது என்று இரண்டு முறை காஸ் அடித்திருக்கிறார்கள். கரப்பானுக்கு ஓட்டையில் மெல்லிய கம்பி வலை அடித்தால் போதும்.

வாங்கும்போது உள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் காலநிலை வகுப்பைப் பாருங்கள். ‘என்’ (N) என்றால் அறைச் சூடு 32 பாகை வரைதான். கொழும்புக் குசினியில் மதியம் அது தாண்டும். ‘எஸ்.டி.’ (ST) என்றால் 38 வரை, ‘டி’ (T) என்றால் 43 வரை. லண்டனில் இருந்து வருவதென்றால் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

கதவு பூட்டும் விதமும் இரண்டு. ஒன்றில் கபட் கதவு தன் பிணைச்சலில் தொங்கும், பிரிட்ஜ் கதவை ஒரு வழுக்கும் பட்டை இழுத்துக்கொண்டு போகும். மற்றதில் கபட் கதவை நேரே பிரிட்ஜ் கதவில் பூட்டி, பிரிட்ஜின் பிணைச்சலே முழு எடையையும் தாங்கும். இரண்டாவதுதான் நன்றாக உழைக்கிறது. விலை கொஞ்சம் கூட. அலுமினியச் சட்டப் பான்ட்ரி செய்வதென்றால் வழுக்கும் பட்டை வகை வேண்டாம், அலுமினியச் சட்டத்தில் அந்தக் கதவின் எடைக்கு ஸ்க்ரூ நெடுநாள் பிடிக்காது.

---

மாடி5_வெள்ளவத்தை

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. டொமினோ யோசனை மாமிக்குப் பிடித்துவிட்டது! “என் அடுப்பை யாரும் தொடக் கூடாது” என்று இப்போதே சொல்லியாயிற்று.

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. டிஷ்வொஷருக்குத் தொட்டித் தண்ணீர் போதுமா? உப்புப் போட வேண்டும் என்கிறார்களே, அது எதற்கு?

---

கரண்ட்_கந்தர்

குழாய் என் தொழில் இல்லை, ஆனால் கணக்கு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். தண்ணீர் 10 மீற்றர் உயரத்தில் நின்றால் 1 பார் அழுத்தம். உங்களுக்கு மேலே ஒரு மாடி, அதன் மொட்டை மாடியில் தொட்டி. தொட்டியின் அடிக்கும் உங்கள் குசினித் தரைக்கும் நடுவே ஏறத்தாழ 6 மீற்றர் வரும். அதாவது 0.6 பார். பெரும்பாலான மெஷின்கள் குறைந்தது 0.5 கேட்கும். மயிரிழையில் தப்புகிறீர்கள். மேல் மாடிக்காரராக இருந்தால் பம்ப் இல்லாமல் முடியாது. குழாயைத் திறந்து வாளி வைத்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 10 லீற்றர் விழுந்தால் கவலை இல்லை. குறைந்தால் சின்ன அழுத்தப் பம்ப் ஒன்று போடுங்கள். அரை அங்குலக் குழாயை ஐந்து முழங்கை வளைத்துக் கொண்டுபோய் இருக்கும் அழுத்தத்தையும் கெடுத்துவிடாதீர்கள்.

---

தெஹிவளை_சமையல்

உப்பு மெஷினுக்குள் இருக்கும் தண்ணீர் மென்மையாக்கிக்குத்தான். கொழும்புக் குழாய்த் தண்ணீர் அம்பத்தளையில் சுத்திகரித்த களனி ஆற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் லபுகமை, களட்டுவாவை நீர்த்தேக்கத்துத் தண்ணீர். இயல்பாகவே மென்மை. கடினத்தன்மை அமைப்பை ஆகக் குறைந்ததில் வைத்துவிடுங்கள், பல மொடல்களில் அந்த நிலையில் உப்பே கேட்காது. யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டில் கிணற்றுத் தண்ணீர், சுண்ணாம்புக்கல் பூமி. அவளுக்கு உப்பில்லாமல் முடியாது, கிளாஸெல்லாம் வெள்ளை படியும்.

மெஷினுக்குள் எதைப் போடக் கூடாது என்பதையும் மாமியிடம் முதலே சொல்லி வையுங்கள். அலுமினியச் சட்டி கறுத்துவிடும். மண்சட்டியும் பிரம்பு இடியப்பத் தட்டும் கையால்தான். எங்கள் வீட்டுச் சமையலில் பாதிச் சாமான் அதற்குள் போகாது என்பதுதான் உண்மை. ஆனாலும் விருந்து முடிந்த இரவில் அதைப் போல் ஒரு உதவி கிடையாது.

அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட் பற்றிக் கேட்கவே இல்லையே? காற்றைச் சுழற்றி உள்ளேயே விடும் கரி வடிகட்டி ஹூட்டை வாங்காதீர்கள். கருவாடு பொரித்து, செத்தல் மிளகாய் தாளித்து, தேங்காயெண்ணெய் புகைய விடும் குசினிக்கு அது சும்மா லைட் போட்ட பெட்டிதான். வெளியே குழாய் போக வேண்டும், 150 மி.மீ. விட்டம், வளைவு ஆகக் குறைவாக. வெளிச்சுவரை உடைக்க நிர்வாகக் குழுவின் அனுமதி எடுங்கள். அடுத்த வீட்டுக் குளியலறை ஜன்னல் திறக்கும் காற்றுக் கிணற்றுக்குள் விடுவதைப் பல பிளாட்டுகளில் பார்க்கிறேன், அதைவிடச் சண்டைக்கு வேறு காரணம் தேவையில்லை. காஸ் அடுப்புக்கு மேல் 65 சென்ரிமீற்றராவது உயரம் விடுங்கள்.

---

பழைய_சோனகத்தெரு

கடல் பக்கம் என்றீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக்காற்றில் முதலில் போவது பிணைச்சலும் ட்ரோயர் சட்டமும்தான். மரைன் டிரைவ் பக்கத்து வாடிக்கையாளர்கள் இரண்டு வருடத்தில் துருப்பிடித்ததைக் கொண்டு வந்து காட்டுவார்கள். கடைக்கு வரும்போது சின்னக் காந்தம் ஒன்று கொண்டு வாருங்கள். 304 ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதில் காந்தம் இறுக ஒட்டினால் அது 304 இல்லை. விற்பவன் கோபித்தால் கோபிக்கட்டும்.

பலகை சாதாரண எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்தது) வேண்டாம், குறிப்பாகச் சிங்குக்கும் டிஷ்வொஷருக்கும் பக்கத்தில். ஒரு முறை தண்ணீர் குடித்தால் ஊதிப்போகும், திரும்பாது. மரைன் பிளைவூட் போடுங்கள். வெட்டிய ஓரம் எல்லாம், கண்ணுக்குத் தெரியாத பின் ஓரம் உட்பட, மூடியிருக்க வேண்டும்.

---

கொட்டாஞ்சேனை_குட்டி

யாரும் கேட்காத கேள்வி: மாமியின் தேங்காய் துருவி எங்கே பூட்டுவது? மேசை ஓரத்தில் இறுக்கும் வகை என்றால் கிரனைட் கொஞ்சமாவது முன்னால் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கீழே கைபிடி திருகவும் இடம் வேண்டும். கதவோடு சமமாகக் கிரனைட்டை வெட்டிவிட்டால் மாமி சாப்பாட்டு மேசையில்தான் துருவுவார்.

---

மொரட்டுவைப்_பலகை

குட்டி பகிடிக்குச் சொன்னாலும் அது உண்மை. டிஷ்வொஷருக்கு மேலே மட்டும் துருவியை இறுக்காதீர்கள், கதவு திறக்காது. ட்ரோயர் இல்லாத ஒரு கபட்டுக்கு மேலே ஒன்றரை அங்குலம் நீட்டச் சொல்லுங்கள்.

---

மாடி5_வெள்ளவத்தை

ஹாஹா, துருவிக்கு இடம் குறித்தாயிற்று.

முடிவு இப்படி: ஓவன், டொமினோ இரண்டு, டிஷ்வொஷர் எல்லாம் இங்கேயே ஏஜென்ட் உள்ள மொடலாகப் பில்ட்-இன். பிரிட்ஜ் மட்டும் சாதாரணமாக நிற்கும் வகை. கணவர் குட்டியின் பக்கம் சாய்ந்துவிட்டார். அதற்கு இரண்டு பக்கமும் பலகைச் சுவர் வைத்து, காற்றுக்கு இடம் விடப் போகிறோம். வரைபடங்களை அச்சடித்துக் கொண்டுபோய் வேறொரு பான்ட்ரிக்காரரிடம் காட்டினேன். அவர் மில்லிமீற்றர் டேப்பை எடுத்தார், மனம் குளிர்ந்தது.

கடைசியாக மூன்று கேள்வி. டிஷ்வொஷர் பிளக் எங்கே வர வேண்டும்? கிரனைட்டின் கீழ்ப்பக்கத்தில் ஸ்க்ரூ போட முடியாதே, மெஷினை எப்படிப் பிடிப்பது? கதவுக்குக் கண்ணாடி ஒட்டிய பலகை போடலாமா?

---

கரண்ட்_கந்தர்

பிளக் மெஷினுக்குப் பின்னால் வரவே கூடாது. பிளக் இடித்து மெஷின் முழுதாக உள்ளே போகாது, பழுது வந்தால் கரண்டை நிறுத்த மெஷினையே இழுக்க வேண்டும். பக்கத்துச் சிங்க் கபட்டுக்குள், குழாயில் இருந்து தள்ளி, உயரமாக வையுங்கள். வயரும் தண்ணீர்க் குழாய்களும் போகக் கபட்டின் பக்கப் பலகையில் ஓட்டை. ஓவனுக்கும் அப்படியே, பக்கத்துக் கபட்டில். மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயின் நுனியில் தடித்த பெட்டி போல ஒன்று இருந்தால் அதை வெட்டி நீட்டாதீர்கள், கசிவு வந்தால் தண்ணீரை நிறுத்தும் மின் வால்வு அதற்குள்தான் இருக்கிறது. காஸ் குழாய் ஓவனுக்குப் பின்னால் போகக் கூடாது. சிலிண்டரைக் கபட்டுக்குள் வைப்பதென்றால் கதவின் அடியில் காற்றோட்டத் துளை வேண்டும், காஸ் காற்றைவிடப் பாரம், கீழேதான் தேங்கும். முடிந்தால் பல்கனியில் வைத்துச் செப்புக் குழாயில் கொண்டு வாருங்கள்.

---

மொரட்டுவைப்_பலகை

மெஷினைப் பக்கத்துக் கபட்டோடு பிடிக்கும் தகடு பெரும்பாலும் பெட்டிக்குள் வரும். கிரனைட் மேசை உள்ளவர்களுக்கு அதுதான். பிடிக்காமல் விட்டால், கதவைத் திறந்து கீழ்த் தட்டை இழுக்கும்போது மெஷின் முன்னால் சாயும். கிரனைட்டின் கீழே பிளைவூட் வருகிறதே, அதன் ஓரத்தில் ஒட்ட, நீராவி படாமல் தடுக்கும் ஒரு பட்டையும் வரும். பாஸ் அதைக் குப்பை என்று வீசிவிடுவார், முதலே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

கண்ணாடிப் பலகைக்கு எடை பாருங்கள். 18 மி.மீ. எம்.டி.எஃப். கதவு 60க்கு 72 சென்ரிமீற்றர் என்றால் ஆறு கிலோவுக்குக் கிட்ட. அதில் 4 மி.மீ. கண்ணாடி ஒட்டினால் இன்னும் நான்கு கிலோவுக்கு மேல் ஏறும். மெஷின் புத்தகத்தில் கதவுப் பலகை எத்தனை கிலோ வரை என்று போட்டிருப்பார்கள், பத்தைத் தொட்டால் பெரும்பாலும் எல்லை தாண்டிவிடும். தாண்டினால் கதவு பாதியில் நிற்காமல் தொப்பென்று காலில் விழும். கதவின் வில்லை இறுக்கிப் பார்க்கலாம், அதற்கும் அளவு உண்டு. லமினேட் ஒட்டியதே போதும்.

இன்னொன்று, டைல்ஸ்காரரிடம் இன்றே சொல்லுங்கள்: மெஷின் நிற்கும் இடத்துக்குக் கீழேயும் சுவர் வரை டைல்ஸ் போக வேண்டும். கபட் மறைக்கும் என்று ஸ்கர்ட்டிங்கோடு நிறுத்திக் காசு மிச்சம் பிடிப்பார்கள். அப்படி நிறுத்தினால் மெஷின் பள்ளத்தில் நிற்கும், மேலே கிரனைட் இருக்கும், பழுது பார்க்க வெளியே இழுக்கவே முடியாது.

---

மாடி5_வெள்ளவத்தை

டைல்ஸ்காரர் நாளை வருகிறார். ஸ்கர்ட்டிங்கோடு நிறுத்தத்தான் அளவு எடுத்திருக்கிறார், இப்போதுதான் தாளைப் பார்த்தேன். போன் எடுக்கிறேன்.